உஷார்! குளிரில் ஓடும் பெண்களே, ஃபிளீஸ் வாங்குமுன் லேபிளைப் படியுங்கள்

கையில் எடுத்த அந்த ஃபிளீஸைக் கொஞ்சம் கீழே வையுங்கள். இடுப்புப் பக்கத் தையலுக்குள் ஒரு வெள்ளை லேபிள் தொங்கும். விலையையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன் அதைப் படியுங்கள். எந்த நூல், எத்தனை சதவீதம் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் போட்டே ஆகவேண்டும் என்பது கனடாவில் சட்டம். 'காட்டன் 60, பாலியெஸ்டர் 40' என்றோ 'காட்டன் 80' என்றோ இருந்தால் அது ஓட்டத்துக்கு ஆகாது. வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள், கடைகண்ணிக்குப் போட்டுக்கொண்டு போங்கள். மைனஸ் 8 டிகிரியில் வியர்க்க வியர்க்க ஓடுவதற்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

டொராண்டோ வட்டாரத்தில், அதிலும் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம், காலையில் ஓடுகிற நம் பெண்களை இப்போது நிறையப் பார்க்க முடிகிறது. படிக்க வந்த பிள்ளைகள், பிள்ளை பெற்ற உடம்பைத் தேற்ற ஓடத் தொடங்கிய அம்மாக்கள், சர்க்கரைக்குப் பயந்து ஐம்பது வயதில் முதன்முதலாக ஷூ வாங்கிய அக்காமார். பார்க்கவே மனசு நிறைகிறது. கோடையில் பிடித்த பழக்கத்தைக் குளிர்காலத்திலும் விடக்கூடாது என்று டிசம்பர் தள்ளுபடியில் இவர்கள் ஃபிளீஸ் வாங்கப் போகிறார்கள். தொட்டால் மெத்தென்று இருப்பதாக, இருப்பதிலேயே தடிமனாக ஒன்றை எடுக்கிறார்கள். குளிருக்குத் தடிமன்தானே நல்லது? ஓடுகிறவளுக்கு இல்லை. இந்த ஒரு தவறு உயிர்வரைக்கும் போகக்கூடியது. அதனால்தான் இவ்வளவு பதற்றமாக எழுதுகிறேன்.

முதலில் காட்டன் விஷயம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. காட்டன் நூலில் லூப் விட்டு நிட்டிங் செய்து, உள்பக்கம் பிரஷ் அடித்து, 280 ஜி.எஸ்.எம்., 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) என்று எடை சொல்லி அனுப்புகிற துணிக்கும் ஃபிளீஸ் என்றுதான் பெயர். ஹூடிக்கு அது அருமையான சரக்கு. மலையேறுகிறவர்களும் ஓடுகிறவர்களும் சொல்லும் ஃபிளீஸ் வேறு ரகம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் இருந்த மால்டன் மில்ஸ் ஆலை 1979ல் கொண்டுவந்த பாலியெஸ்டர் துணியின் வழிவந்தது அது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். இரண்டையும் வருடினால் ஒரே சுகம். வித்தியாசம் நனைந்த பிறகுதான் தெரியும், அப்போது நீங்கள் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி இருப்பீர்கள்.

சாதாரணக் காற்றில் வைத்தாலே காட்டன் தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் இழுப்பது 0.4 சதவீதம். வியர்வையில் முக்கினால் காட்டன் தன் எடையைவிட அதிகமாகவே நீரைக் குடித்து, அதை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நூலிழைகளுக்கு நடுவே சூட்டைக் காத்த காற்று போய், அந்த இடத்தில் தண்ணீர் உட்காரும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகத்தில் சூட்டைக் கடத்தும். ஆகவே காட்டன் ஹூடி நனைந்ததும் உங்களுக்குக் காவலாக இருந்த துணியே உடம்புச் சூட்டை உறிஞ்சி வெளியே கொட்ட ஆரம்பிக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும்வரை இது தெரியாது. ஓடும்போது தசைகள் எரிக்கும் சக்தியில் முக்கால் பங்கு வெறும் வெப்பமாகத்தான் போகிறது. உடம்பே ஓர் அடுப்பு. கால் பிசகி, மூச்சு வாங்கி, அல்லது சிக்னலில் நின்றுவிட்டால் அடுப்பு அணைந்துவிடும். ஈரம் அப்படியே இருக்கும்.

ஸ்கார்பரோவில் ஹைலேண்ட் கிரீக் ஓடை ஓரப் பாதையில் எங்களோடு ஓட வந்த ஒரு பெண்ணுக்கு இதுதான் நடந்தது. கோயம்புத்தூர்க்காரி, வந்து முதல் குளிர்காலம். நல்ல தடிமனான ஹூடி, அதற்குள்ளே இன்னொரு காட்டன் டீ-ஷர்ட். போகும்போது எங்களை முந்திக்கொண்டு போனாள். திரும்பும் வழியில் கணுக்கால் மடங்கி நடக்க வேண்டியதாயிற்று. கொஞ்ச தூரம் போனதும் பேச்சு குறைந்தது. "என்னம்மா, குளிருதா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா" என்றாள். அந்த 'ஒண்ணுமில்லக்கா' குழறி வந்தது. கார் கதவைத் திறக்கச் சாவியை எடுத்தவளுக்கு விரல் மடங்கவில்லை. சாவி இரண்டு முறை பனியில் விழுந்தது. ஹூடியைக் கழற்றியபோது முதுகுப் பக்கம் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம், வெளிப்பக்கம் மட்டும் உறைந்து விறைத்திருந்தது. அன்றைக்கு வெப்பம் ஒன்றும் பயங்கரமாக இறங்கவில்லை. இந்த ஊரில் சாதாரணமாக வருகிற குளிர்தான்.

"நான் என்ன எவரெஸ்ட்டா ஏறப்போகிறேன்?" என்று கேட்கிறவர்கள் 2021 மே 22ஆம் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள். சீனாவின் கான்சு மாநிலத்தில், மஞ்சள் நதிக்கரையில் 100 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம். மே மாதம்! ஓடியவர்கள் 172 பேர், பலர் பழக்கப்பட்டவர்கள். காலையில் பெரும்பாலோர் அரைக்கால் சட்டை, மெல்லிய பனியனோடு கிளம்பினார்கள். காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயம் கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் இல்லை. மதியம் மேட்டுப் பகுதியில் ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் ஒன்றாக இறங்கின. 21 பேர் இறந்துபோனார்கள். குகை வீட்டுக்குள் ஒதுங்கியிருந்த ஓர் ஆட்டிடையர் ஆறு பேரை உள்ளே இழுத்து, நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். சீனாவின் முன்னணி ஓட்டக்காரர்களும் செத்தவர்களில் இருந்தார்கள். உடம்பு பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஈரமும் காற்றும் சேர்ந்தால் எந்த உடம்பும் தாங்காது.

சரி, எதை வாங்குவது? மெல்லியதை. பழைய கணக்கில் பாலியெஸ்டர் ஃபிளீஸை 100, 200, 300 என்று பிரிப்பார்கள். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய அத்தனை கிராம் எடை. ஓடுவதற்கு 100க்கு மேல் போகாதீர்கள். 200 நடைக்கு, 300 பஸ் ஸ்டாப்பில் நிற்பதற்கு. உள்பக்கம் சின்னச் சின்னக் கட்டங்களாக, மேடும் பள்ளமுமாக இருக்கும் 'கிரிட்' வகை கிடைத்தால் இன்னும் நல்லது. மேடு சூட்டைப் பிடிக்கும், பள்ளம் வழியாக வியர்வை ஆவி வெளியேறும். படகோனியா கம்பெனியின் 'ஆர்1' இந்த வகைதான். பெயர் தெரியாத கம்பெனிகளும் இப்போது இதைச் செய்கின்றன, பாதி விலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படைகளுக்காக முதலில் உருவான 'போலார்டெக் ஆல்ஃபா' என்ற துணியும் கடைக்கு வந்திருக்கிறது. அதில் மேலுறை இல்லாத ரகத்தை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும், வலை மாதிரி இருக்கும். 'இதுவா குளிரைத் தாங்கும்?' என்று தோன்றும். ஓடுகிறவளுக்கு அதுதான் சரி.

கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். துணியை வாயருகே இழுத்துப் பிடித்து, மறுபக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஊதுங்கள். மூச்சு கையில் படவேண்டும். பட்டால் வியர்வை ஆவிக்கும் வழி உண்டு. ஆனால் உங்கள் மூச்சு போகிற வழியில் ஒன்டாரியோ ஏரிக் காற்றும் உள்ளே வரும்! ஃபிளீஸை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள் என்று தலைதலையாக அடித்துக்கொள்வது இதனால்தான். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20. அந்தக் கணக்கு மைனஸ் 28ஐத் தொட்டால் திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மார்ட்டின் குட்மன் பாதை போல ஏரியோரமாக ஓடுகிறவர்கள் போகும்போது எதிர்காற்றில் போய், வரும்போது காற்று முதுகில் படும்படி பாதையை வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்த உடம்போடு எதிர்காற்றில் திரும்பி வருவதுதான் ஆகப்பெரிய ஆபத்து.

ஆக மூன்று அடுக்கு வேண்டும். தோலை ஒட்டி மெரினோ கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ ஆன மெல்லிய உள்சட்டை, அதன்மேல் ஃபிளீஸ், அதற்கும் மேல் மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் விண்ட் பிரேக்கர். காற்றில்லாத நாளில் விண்ட் பிரேக்கர் இடுப்பில் கிடக்கட்டும், வீட்டில் கிடக்கக் கூடாது. எத்தனை போடுவது என்பதற்கு இங்குள்ள ஓட்டக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: இன்றைக்கு இருப்பதைவிட 10 டிகிரி கூடுதல் என்று நினைத்து உடுத்துங்கள். வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள், இரண்டாவது கிலோமீட்டரில் நனையப் போகிறீர்கள்.

இதில் பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டு; ஆண்கள் எழுதும் ஆலோசனைகளில் இது வருவதே இல்லை. அடியில் போடும் ஸ்போர்ட்ஸ் ப்ரா காட்டனாக இருந்தால் மேலே எவ்வளவு செலவழித்தும் பலனில்லை. உடம்பிலேயே அதிகம் நனைவது அதுதான், கடைசியாகக் காய்வதும் அதுதான். ஃபிளீஸ் மார்பில் இறுக்கிப் பிடித்தால் துணிக்குள் நிற்க வேண்டிய காற்று நசுங்கிவிடும். தொளதொளவென்றிருந்தால் ஒவ்வோர் எட்டுக்கும் அடியிலிருந்து குளிர்காற்று ஏறும். கையை மேலே தூக்கிப் பாருங்கள், இடுப்பு தெரியக் கூடாது. கைநுனியில் கட்டைவிரல் ஓட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், மணிக்கட்டைக் காக்கும். ஜிப் நெஞ்சுவரைக்குமாவது இறங்க வேண்டும். மேடு ஏறும்போது திறந்துவிட்டு, இறங்கும்போது மூடிக்கொள்ள அதுதான் ஜன்னல். ஜிப்பின் உள்பக்கம் துணி மடிப்பு இல்லாவிட்டால் தாலிக்கொடியும் செயினும் அதில் மாட்டும். குளிரில் விறைத்த விரலால் அதை எடுக்க முடியாது. ஓடும்போது கொடியை உள்சட்டைக்குள் போட்டுவிடுங்கள்.

தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு தயவுசெய்து கிளம்பாதீர்கள். பின்னலின் ஈரம் கழுத்து வழியாக ஃபிளீஸுக்குள் இறங்கும். குளிரில் விரல்நுனி வெள்ளைவெளேரென்று வெளுத்து மரத்துப்போகிற வழக்கம் உள்ளவர்கள் (பெண்களுக்குத்தான் அது அதிகம்) டாக்டரிடம் காட்டிவிட்டு ஓடுங்கள். இங்கே டிசம்பர் கடைசியில் விடிய 7:45க்கு மேலாகிறது, 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. கறுப்பு ஃபிளீஸ் ஓட்டுநர் கண்ணில் படாது, மினுங்கும் பட்டை உள்ளதாக வாங்குங்கள். போனை வெளிப்பாக்கெட்டில் வைத்தால் குளிரில் பேட்டரி சட்டென்று உயிரை விடும். உள்சட்டைக்கும் ஃபிளீஸுக்கும் நடுவில் வையுங்கள். உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்தில் அது உயிரோடு இருக்க வேண்டும்.

துவைக்கும்போது சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள், நூலில் படலம் படிந்து வியர்வை நகராமல் நின்றுவிடும். டிரையரில் அதிகச் சூடு வேண்டாம். ஃபிளீஸ் போட்டுக்கொண்டு நெருப்பருகே உட்காராதீர்கள், பொறி பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

காரில் ஒரு பையில் காய்ந்த உள்சட்டை, ப்ரா, தொப்பி, சாக்ஸ் எப்போதும் கிடக்கட்டும். ஓட்டம் முடிந்ததும் போட்டோ எடுப்பதற்கும் கதை பேசுவதற்கும் முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கூட ஓடுகிறவளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். நடுங்கினால், தடுமாறினால், பேச்சு குழறினால், கையிலிருப்பது நழுவினால் அது அசதி இல்லை. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் "ஒண்ணுமில்ல" என்றால் நம்பாதீர்கள், அந்த நிலையில் அவள் மூளை அப்படித்தான் சொல்லும். காற்றுக்கு மறைவாகக் கூட்டிப்போய், ஈரத்துணியைக் கழற்றி, தலையையும் சேர்த்துக் காய்ந்ததால் போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். நடுக்கம் நின்ற பிறகும் அவள் தெளியாமலே இருந்தால் தேறிவிட்டாள் என்று எண்ணிவிடாதீர்கள், நிலைமை முற்றிவிட்டது. உடனே 911ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள், கை காலைச் சூடு பறக்கத் தேய்க்காதீர்கள்.