எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பள்ளிக்கூடத்துக்கு வரும் காகிதங்களில் பெரும்பாலானவை உபாத்தியாயரின் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. இத்தனை பிள்ளைகள், இத்தனை புத்தகங்கள் என்று நிரப்பி அனுப்பிவிட்டால் தீர்ந்தது. ஆனால் சென்ற வருஷம் எங்கள் அரியூர் நாட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு காகிதம் இன்றுவரை என்னை விட்டபாடில்லை. மலைக்குக் கீழே ஓர் ஊரில் மாணவ மாணவியருக்குப் பாட்டுப் போட்டி. பெயர், வகுப்பு, வயது எல்லாம் கேட்ட பிறகு, கடைசியில் நான்கு கட்டங்கள் போட்டிருந்தார்கள்: செவ்வியல் இசை, மெல்லிசை, நாட்டுப்புறப் பாட்டு, பக்திப் பாட்டு. பாடப் போகும் பாட்டு எந்த வகையோ அந்தக் கட்டத்தில் ஒரு குறி இடவேண்டும். இரண்டில் இட்டால் விண்ணப்பம் தள்ளப்படும் என்று கொட்டை எழுத்தில் எச்சரிக்கை வேறு.

கொல்லிமலையைப் பாராத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால், பதினான்கு 'நாடுகள்' இருக்கின்றன. நாடு என்றதும் கோட்டை கொத்தளங்களைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அரியூர் நாட்டுக்குக் கொடியும் இல்லை, சுங்கச் சாவடியும் இல்லை. சாமையும் கேழ்வரகும் விளையும் சரிவுகள், காப்பித் தோட்டங்கள், பலா மரங்களில் ஏறிப் படர்ந்த மிளகுக் கொடிகள், இவற்றுக்கிடையே சில ஊர்கள், அவ்வளவுதான் நாடு. பெயரைக் கொண்டு பொருளை அளக்கக் கூடாது என்பதற்கு எங்கள் ஊரே முதல் உதாரணம்.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண். பாடத்தில் கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பாளே தவிர வாய் திறக்கமாட்டாள். ஆனால் மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டுக் கழுவும்போது, யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக் கொண்டு, தனக்குத்தானே பாடுவாள். ஒரு நாள் நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று முழுவதையும் கேட்டுவிட்டேன். நாலைந்து ஸ்வரங்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும் மெட்டு. ஒவ்வோர் அடியின் முடிவிலும் குரல் சற்றே தாழ்ந்து, விழுந்துவிடுமோ என்று நாம் பயப்படும்போது, எழுந்து நிற்கும்.

"இது என்ன பாட்டு, அம்மா?" என்று கேட்டேன்.

"ஆயா பாடும், ஸார்."

"எப்போது பாடுவார்கள்?"

"சாமைக் காட்டிலே களை எடுக்கிறப்போ. தம்பியைத் தொட்டிலிலே போட்டாலும் அதுதான். கோயில் நோன்புக்கும் அதுதான்."

போட்டிக்கு இவளை அனுப்புவது என்று அந்த நிமிஷமே தீர்மானித்தேன். தகராறு ஆரம்பமானது ஆசிரியர்கள் அறையில்.

தமிழாசிரியர் யோசிக்கவேயில்லை. "இயற்றியவர் பெயர் தெரியாது, ஏட்டில் எழுதவும் இல்லை, ஆகவே நாட்டுப்புறப் பாட்டு" என்று தீர்ப்புச் சொன்னார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் காவடிச் சிந்தை என்ன செய்வது? காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கிறவர்கள் வழியெல்லாம் பாடிய மெட்டுக்களில், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பாடல்கள் இயற்றினார். அவை அச்சிலும் ஏறின. கச்சேரி மேடையிலும் ஏறின. அதே மெட்டு காலில் செருப்பில்லாமல் நடந்தால் நாட்டுப்புறம், ஜமக்காளத்தில் உட்கார்ந்தால் சாஸ்திரீயமா?

கணக்கு ஆசிரியர் பாட்டில் சாமியின் பெயர் மூன்று இடத்தில் வருவதை எண்ணிவிட்டு, "சந்தேகமென்ன, பக்திதான்" என்றார். அந்தக் கணக்கின்படி பார்த்தால் தியாகராஜ ஸ்வாமிகளின் கீர்த்தனைகளில் பெரும்பகுதியைத் தூக்கிப் பக்திக் கட்டத்தில் போட்டுவிட வேண்டியதுதான். செவ்வியல் கட்டத்தில் தில்லானாக்களும் வர்ணங்களும் தனியாக உட்கார்ந்து கொண்டிருக்கும்.

எனக்கோ இளமையில் சேலத்தில் சில வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்ட வாசனை உண்டு. அந்த மெட்டில் புன்னாகவராளியின் சாயல் தெரிந்தது. மகுடிக்காரன் பாம்பை ஆட்டும் மெட்டாக ஊருக்கெல்லாம் தெரிந்த ராகம் அது. வித்வான்களும் அதைப் பாடுகிறார்கள். "செவ்வியல் என்று போட்டால்தான் என்ன?" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

கடைசியாகத் தேகப் பயிற்சி ஆசிரியர் மிகவும் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார்: "மெதுவாக, மென்மையாகத்தானே பாடுகிறாள்? அப்படியானால் மெல்லிசை அல்லவா?"

இந்த மெல்லிசை என்ற சொல்லின் சரித்திரம் வேடிக்கையானது. தொல்காப்பியர் செய்யுளுக்கு இருபது வண்ணங்கள் சொல்கிறார். அவற்றில் ஒன்று மெல்லிசை வண்ணம். மெல்லின எழுத்துக்கள் மிகுந்து வருவது என்பதற்குமேல் அங்கே வேறு சூட்சுமம் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, வானொலிக்காரர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. 1952-ல் டாக்டர் கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு மந்திரியானார். சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம். ஆகவே அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஒடுங்கியது; நேயர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். சினிமாப் பாட்டுக்குப் பதிலாக, ஆனால் கச்சேரிப் பாட்டைப் போலக் கனமாக இல்லாமல், நிலையத்திலேயே கவிஞரையும் பாடகரையும் வைத்துத் தயாரித்த பாடல்களுக்கு மெல்லிசை என்ற பெயர் வழங்கலாயிற்று. 1957-ல் விவித பாரதி பிறந்து சினிமாப் பாட்டு திரும்பி வந்தது வேறு கதை. சினிமாப் பாட்டுக்கு மாற்றாக நின்ற அந்தப் பெயர் அடுத்த பத்து வருஷத்துக்குள் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? விசுவநாதன் - ராமமூர்த்தி என்ற இரட்டையரிடம்! தமிழ் சினிமாவின் மகா சங்கீதக்காரர்களுக்கு 'மெல்லிசை மன்னர்கள்' என்று பட்டம். இதைத் தேகப் பயிற்சி ஆசிரியரிடம் சொன்னபோது, "அப்படியானால் மெல்லிசை என்றால் சினிமாப் பாட்டா, சினிமாப் பாட்டு அல்லாததா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். அவர் மைதானத்துக்குப் போய்விட்டார்.

'கர்நாடக சங்கீதம்' மட்டும் தெளிவான பெயரா என்ன? 1973-ல் மைசூர் ராஜ்யம் கர்நாடகம் என்று பெயர் மாற்றிக் கொண்டது முதல், அந்தச் சங்கீதம் முழுவதும் அங்கிருந்து வந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் என் வகுப்பிலேயே உண்டு. தமிழ் வழக்கிலோ 'கர்நாடகம்' என்றால் பழைய பஞ்சாங்கம் என்று அர்த்தம். ஆசிரியர் கல்கி விகடனில் ஆடல் பாடல்களைப் பற்றி எழுதும்போது வேடிக்கையாக அதையே புனைபெயராக வைத்துக் கொண்டார். தமிழிசை என்ற பெயரும் வழக்குக்கு உட்பட்டதுதான். 1941-ல் அண்ணாமலைநகரில் மகாநாடு கூடியது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. தமிழ்ச் சாகித்தியத்தைப் பாடினால் தமிழிசையா, அல்லது பாட்டின் உடலாகிய பண்ணே தமிழர் பண்ணா என்ற கேள்வி அன்று முதல் மேடைக்கு மேடை வளர்ந்து வருகிறது. இரண்டாவது கட்சிக்கு 1917-லேயே ஆபிரகாம் பண்டிதர் தம் கருணாமிர்த சாகரத்தில் அஸ்திவாரம் போட்டு வைத்திருந்தார்.

பண் என்றதும் எங்கள் மலையின் ஞாபகம் வருகிறது. எங்கள் நிலம் குறிஞ்சி. தினைப்புனம் காக்கும் பெண் ஒருத்தி குறிஞ்சி பாட, கதிரைத் தின்ன வந்த யானை தின்னவும் மறந்து, நகரவும் மறந்து, நின்றபடியே உறங்கிப் போன காட்சி அகநானூற்றில் இருக்கிறது. அந்தக் குறிஞ்சி வேறு; தேவாரத்தில் குறிஞ்சிப் பண் என்று ஓதுவார்கள் ஹரிகாம்போதியில் பாடுவது வேறு; கச்சேரியில் குறிஞ்சி என்று சங்கராபரணத்தின் கிளையாக வரும் ராகம் இன்னும் வேறு. இத்தோடு போயிற்றா? தேவாரப் பண்களில் கொல்லி என்றே ஒன்று உண்டு. சூலை நோயால் துடித்த அப்பர் ஸ்வாமிகள் திருவதிகையில் பாடிய முதற்பதிகம் அந்தப் பண்ணில்தான் அமைந்தது. அது எங்கள் மலைப் பண் என்று மார்தட்டிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் பெயர் ஒற்றுமை மட்டும் சாட்சியாகாது என்று இவ்வளவு நேரமாக எழுதிக் கொண்டிருப்பவன் நான்! இன்று ஓதுவார்கள் கொல்லிப் பண்ணை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். நவரோஜ் என்பது பாரசீகர்களின் வருஷப் பிறப்புக்குப் பெயர். தமிழ்ப் பதிகம், மலைப் பெயர் கொண்ட பண், பாரசீகப் பெயர் கொண்ட ராகம்! எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். 1987-ம் வருஷம் லண்டனில் ஒரு மதுக்கடையின் மாடியில் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் சிலர் கூடினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வரும் இசைத்தட்டுக்களைக் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்று வியாபாரிகள் திகைத்தார்கள். கூடியவர்கள் பேசி முடிவு செய்த பெயர் 'உலக இசை'. இங்கிலீஷ்காரன் பாடினால் அதற்குத் தனித்தனிப் பெயர். மற்ற உலகம் முழுவதும் பாடினால் ஒரே அலமாரி! அலமாரிக்காரனுக்கு அட்டை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் பள்ளிப் புத்தக அலமாரிக்கு நானே அட்டை ஒட்டியிருக்கிறேன். அட்டையைப் படித்துவிட்டு, புத்தகம் அதன்படி இல்லையே என்று புத்தகத்தைக் கிழிப்பவனோடுதான் எனக்குச் சண்டை.

கடைசி நாள் வந்தது. தமிழாசிரியரின் கட்சிக்கு வாக்கு அதிகம். நாட்டுப்புறம் என்ற கட்டத்தில் என் கையால் குறியிட்டேன்.

போட்டியன்று அந்தப் பெண் நன்றாகவே பாடினாள். கூடத்தில் சத்தம் அடங்கியது. நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். "குரல் நன்றாயிருக்கிறது. ஆனால் நாட்டுப்புறப் பாட்டுக்கு உரிய துள்ளல் இல்லையே! மெல்லிசைக்கு எழுதிக் கொடுத்திருக்கலாமே!" என்றார் ஒருவர். முதற்பரிசு, கிராமத்துக் காட்சிக்கென்று சென்னையில் தயாரான ஒரு சினிமாப் பாட்டுக்குக் கிடைத்தது. அதில் துள்ளல் இருந்தது. அதைப் பாடிய பையன்மேல் எனக்கு வருத்தமும் இல்லை, அவன் நன்றாகப் பாடினான். களை எடுப்பவள் குனிந்தபடி வெயிலில் எப்படித் துள்ளுவாள் என்று நடுவரைக் கேட்க வாயெடுத்து, அடக்கிக் கொண்டேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

திரும்பும்போது பஸ்ஸில், வளைவுக்கு வளைவு சாய்ந்தபடி, வெகு நேரம் பேசாமல் வந்தாள். பாதி மலை ஏறியிருப்போம். "ஸார், ஆயா பாடறது தப்பா?" என்றாள்.

"தப்பில்லை, அம்மா. கட்டம்தான் தப்பு" என்றேன். அவளுக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. அடுத்த நாளிலிருந்து தட்டுக் கழுவும் இடத்தில் பாட்டுக் கேட்கவில்லை.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 152-வதாக இருக்கிறது. காட்டில் வேட்டையாடும் ஒருவனை, இன்னான் என்று அறியாமல், பாணர் கூட்டம் சந்திக்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்ததைக் கண்ட தலைவன், விறலியரைப் பார்த்து, முழவும் யாழும் ஆகுளியும் பதலையும் எடுக்கச் சொல்லி ஒரு வண்ணம் பாடத் தொடங்குகிறான். அவன் சொல்லும் வண்ணமும், அருணகிரிநாதர் பாடிய வண்ணமும், இன்று கச்சேரி தொடங்கும் வர்ணமும் ஒன்றல்ல. ஓரியோ வகையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தன் பெயர் சொல்லிப் பாடியதும் நாணித் தலை கவிழ்ந்து, வேட்டையில் கிடைத்த இறைச்சியையும் தேனையும் தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் கொடுத்தான். பழைய பாட்டை வகுப்பில் நடத்தினேன். அந்தப் பெண் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

ஒரு மாலை அவள் வீட்டுக்குப் போனேன். பாட்டி திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு சாமை புடைத்துக் கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "மெதுவாப் பாடினாளா? வேகமாவா?" என்று கேட்டாள். மெதுவாக என்றேன். "அது தொட்டிலுக்கு, வாத்தியாரே. கூட்டத்துக்கு முன்னாலே நிக்கிறவ, களைக்குப் பாடுற வேகத்திலே இல்லே பாடணும்?" என்று முறத்தைத் தட்டிக்கொண்டே பாடிக் காட்டினாள். அதே மெட்டு, அதே சொற்கள், முற்றிலும் வேறு பாட்டு. உள்ளே அடுப்பங்கரையில் இன்னொரு குரல், மிகவும் சன்னமாக, இரண்டாவது அடியில் வந்து சேர்ந்து கொண்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வருஷத்துக் காகிதம் போன வாரம் வந்துவிட்டது. அதே நான்கு கட்டங்கள், அதே கொட்டை எழுத்து எச்சரிக்கை. கட்டங்களுக்குக் கீழே சற்று இடம் வெறுமையாக இருந்தது. அங்கே, 'சாமைக் களைப்பாட்டு, அரியூர் நாடு' என்று மையால் எழுதி, கட்டங்களைத் தொடாமல் விட்டிருக்கிறேன். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இது தள்ளுபடியாகும் என்றும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைத் தபாலில் போகிறது.