தண்டுவட மரப்பு நோய்க்கு அக்குபங்சர்

நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் தற்காப்பு ஆற்றலே அழிப்பதால் விளைவது, தண்டுவட மரப்பு நோய் எனப்படும் 'மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ்'. 1868இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ இதனைத் தெளிவுற விவரித்தார். இன்றுள்ள மருந்துகள் நோயின் வேகத்தைத் தணிக்கின்றனவேயன்றி அதனை அறவே நீக்குவதில்லை. சோர்வு, தசை இறுக்கம், வலி, சிறுநீரை அடக்க இயலாமை ஆகியன எஞ்சி நிற்கையில், நோயாளிகள் பிற முறைகளை நாடுவது இயல்பே.

அக்குபங்சர் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1938இல் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவினருள் ஒருவரான டாக்டர் பி. கே. பாசு, பின்னர் கல்கத்தாவில் இதனைப் பரப்பினார். மேற்கு வங்கம் 1996இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

ஊசி செருகும்போது நரம்புகள் தூண்டப்பட்டு, வலியைத் தணிக்கும் எண்டார்பின் உடலில் சுரக்கிறது. ஆதலின் வலி சிறிது குறையலாம். சிதைந்த உறை இதனால் மீள்வதில்லை. பயனை அளப்பதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. இந்நோய் பெரும்பாலோரிடம் திடீரெனத் தாக்கிப் பின் தானே தணியும் இயல்புடையது. தணியும் வேளையில் செருகிய ஊசிக்கே புகழ் சேர்ந்துவிடும்! எனவேதான் ஆய்வாளர்கள் போலி ஊசியுடன் ஒப்பிட்டுச் சோதிக்கின்றனர். அத்தகைய சோதனைகள் பெரும்பாலும் சிறு அளவினவாதலால் முடிவு இன்னும் உறுதிப்படவில்லை.

சில நிலையங்களில் ஊசியுடன் மூலிகைத் திரி கொளுத்திச் சூடும் காட்டுவர். உணர்வு குன்றிய காலில் இது தீப்புண்ணாகலாம். உடற்சூடு ஏறினால் பலருக்கு நோய்க்குறிகளும் மிகும். ஊசி ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே பயன்படுத்தப்படுவதாக இருத்தல் வேண்டும். இவற்றையெல்லாம்விட, நரம்பியல் மருத்துவர் தரும் மருந்தை நிறுத்திவிட்டு ஊசியை மட்டும் நம்புவதே பெருங்கேடு. அடுத்த தாக்குதலில் இழக்கும் பார்வையோ நடையோ முழுமையாகத் திரும்பாமற் போகலாம்.