தேடத் தேடப் பெருகும் பயம்

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை முடங்கியது. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். சிலர் இறந்துவிட்டதாகப் பேச்சு பரவ, தோழிகள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். கெட்ட சாப்பாடு உண்மை, சாவு பொய். நம்பும்படியான பதில் உரிய நேரத்தில் வராததால் பொய்யும் உண்மையோடு சேர்ந்து ஓடியது.

தனி மனிதரின் பயமும் இப்படித்தான் வளர்கிறது. பென்னலூர் முதல் ஒரகடம் வரை வாடகை அறைகளில் வெளியூர்ப் பிள்ளைகள் ஏராளம். நைட் ஷிப்ட் முடிந்து தலை வலித்தால், "தூங்கி எழு, சரியாப் போயிடும்" என்று சொல்ல வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் இல்லை. செல்போன்தான் இருக்கிறது. அது தூக்கக் குறைவில் தொடங்கி மூளைக் கட்டியில் கொண்டுபோய் விடும். கேரளத்து அமீபா மூளைக்காய்ச்சல் செய்தியும் சேர்ந்துகொள்ளும்.

பயந்தால் நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும். அதையே புது அறிகுறி என்று எண்ணி மறுபடி தேடுவார்கள். ஸ்கேன் நார்மல் என்று வந்தால் சில நாள் நிம்மதி. பிறகு, "டாக்டர் சரியாப் பார்க்கலையோ?" என்ற சந்தேகம்; இன்னொரு ஆஸ்பத்திரி, இன்னொரு பில். இது நடிப்பல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் இதற்கு 'நோய்ப் பதற்றக் கோளாறு' என்று தனி இடமே உண்டு. பேச்சு வழியான நடத்தை சிகிச்சை நல்ல பலன் தருகிறது. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு.

நம்பிக்கையான ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை இணையத்தில் தேடுவதையும், கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்ப்பதையும் தள்ளிப்போடுங்கள். கூட இருப்பவர்கள் நூறு முறை "ஒண்ணுமில்லடா" என்பதும் பயத்துக்குத் தீனிதான். "பயமா இருக்குன்னு புரியுது, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் பார்ப்போம், வா டீ குடிக்கலாம்" என்பது மேல்.

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுவது, வலிப்பு, திடீரென்று தாங்க முடியாத தலைவலி ஆகியவை வேறு. அப்போது யோசிக்காமல் 108ஐ அழையுங்கள். மற்ற இரவுகளில் பயம் தூங்கவிடாவிட்டால் டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபர் முதல் இயங்கும் மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் இது. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். கூகுளைத் திறக்கும் முன் இந்த எண்ணை அழுத்துங்கள்.