உறுதிமொழியைப் பெரியவர்களும் எடுக்கட்டும்

ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று மாணவர்கள் கைநீட்டிப் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். பதாகை பிடித்துக் கடைவீதி வழியே பேரணி போகிறார்கள். கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை. சிறுவர்களுக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் உண்டு. இத்தனை சட்டமும் விற்கிற பெரியவர்களைக் கட்டுப்படுத்தத்தான் வந்தது. உறுதிமொழியை மட்டும் பிள்ளைகளிடம் வாங்குகிறோம். பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் எங்கே போகிறார்கள், யார் எதை விற்கிறார்கள் என்பதெல்லாம் தலைமையாசிரியரின் கைக்கு எட்டாத விஷயங்கள். அந்தப் பொறுப்பை ஊர் பங்கு போட்டுக்கொள்ளாமல் பள்ளியால் தனியாக எதையும் தடுத்துவிட முடியாது.

பொறுப்பை அப்படிப் பங்கிடுவதை ஐஸ்லாந்து செய்து காட்டியது. 1998-இல் அங்கே பத்தாம் வகுப்பு மாணவர்களில் 42 விழுக்காட்டினர், முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 விழுக்காடு. தினமும் புகைப்பவர்கள் 23-லிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தார்கள். பெயர் எழுதாத கேள்வித்தாளை நாடு முழுக்க மாணவர்களிடம் கொடுத்து, முடிவுகளைச் சில வாரங்களிலேயே அந்தந்தப் பள்ளிக்கும் ஊருக்கும் திருப்பித் தந்தார்கள். தங்கள் ஊர்ப் பிள்ளைகளின் நிலை கண்முன் வந்ததும் பெற்றோர்கள் கூடிப் பேசி உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். 13 முதல் 16 வயது வரையுள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் பெரியவர் துணையின்றி வெளியே திரியக் கூடாது என்ற சட்டத்தைப் பெற்றோர்களே தெருவில் நடந்து நிலைநாட்டினார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் ஆகும் கட்டணத்தில் ரெய்க்யவிக் நகராட்சி ஒரு பங்கை ஏற்றுக்கொண்டது. இந்தக் கடைசி ஏற்பாடுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு வாசலை அடைக்கும்போது இன்னொன்றைத் திறந்துவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஐஸ்லாந்து சிறிய, வசதியான நாடு; ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் அதே காலத்தில் இளையோர் புகைப்பது குறைந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. ஏழு மாநிலங்களில் 24 சிற்றூர்களை எடுத்து, பாதி ஊர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே பள்ளி, காவல்துறை, சுகாதாரத் துறை, பெற்றோர் என எல்லோரும் சேர்ந்த குழு அமைந்தது. தங்கள் ஊரின் ஆபத்து எதுவென்று கணக்கெடுத்து அதற்கேற்ற திட்டத்தை அந்தக் குழுவே தேர்ந்தெடுத்தது. பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது, புதிதாக மது, சிகரெட் தொடும் வாய்ப்பு மற்ற ஊர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பத்தாம் வகுப்பில் வன்முறையும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு.

நம்மிடம் அப்படியொரு குழு ஏற்கெனவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். ஆனால் நம் ஊர்களில் போதையோடு சாதியும் இருக்கிறது; குழுவில் உட்காருபவர்களே சாதிப் பற்று உள்ளவர்களானால் என்ன செய்வது? இந்த எதிர்ப்பைத்தான் நான் மிகக் கடுமையானதாகக் கருதுகிறேன். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவனுடைய தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்களே. அந்த வெறுப்பை அவர்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் கற்றுக்கொடுக்கவில்லை. அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. தேவையான பரிந்துரை, ஆனால் பள்ளி வாசலில் அவிழ்க்கும் கயிறு தெருவில் திரும்பவும் கட்டப்படும். ஆகவே தெருவை விட்டுவிட்டுப் பள்ளியைத் திருத்த முடியாது. குழுவில் எல்லாத் தெருவினரும் இருக்க வேண்டும். வெளியூர் மனநல ஆலோசகர் ஒருவரும் வேண்டும். ஐஸ்லாந்தைப் போல இங்கும் போதை, அடிதடி இரண்டையும் பற்றிப் பெயரில்லாக் கேள்வித்தாள் கொடுக்க வேண்டும்; அதைக் குழுவினர் கையாளவே கூடாது, மாவட்ட அளவில்தான் தொகுக்க வேண்டும். யார் தலைவராக இருந்தாலும் அடிபட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையை அப்போது மறைக்க முடியாது.

பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று தலைமையாசிரியர்கள் அஞ்சுவது புரிகிறது. அந்த அச்சத்தால்தான் பல புகார்கள் அறைக்குள்ளேயே முடிந்துபோகின்றன. எனவே கேள்வித்தாளின் முடிவுகளைப் பள்ளியின் பெயரில்லாமல் ஒன்றிய வாரியாக வெளியிடலாம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதைப் படித்து, எந்தக் கடையை யார் கண்காணிப்பது, மாலையில் விளையாட்டுத் திடலை எத்தனை மணி வரை திறந்து வைப்பது, அதற்கு விளக்கும் பயிற்சியாளரும் எந்த நிதியில் வருவார்கள் என்று பெயரும் தொகையும் போட்டுத் தீர்மானம் எழுத வேண்டும். அடுத்த கிராம சபையில் அதே தீர்மானத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டும்.