பாலூட்டும் தாயும் மன அமைதியும்

கறவை நேரத்தில் பசுவை அதட்டினாலும், பழகாத நாய் தொழுவத்தில் நுழைந்தாலும் அது பாலை அடக்கிக்கொள்ளும் என்பதை உழவர் யாவரும் அறிவர். 1941-ஆம் ஆண்டில் ஈலி, பீட்டர்சன் என்னும் அமெரிக்க அறிஞர்கள், பசுவின் முதுகில் பூனையை ஏற்றியும் காகிதப் பைகளை வெடித்தும் இதனைச் சோதித்தனர். அச்சத்தின்போது சுரக்கும் அட்ரினலின், பால் இறங்குவதைத் தடுக்கிறது என்று கண்டனர். தாய்மாரின் உடலிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. அதனை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலமெனக் கருதி, இங்கு விளக்குகிறோம்.

துன்பமோ கடும் உழைப்போ நேரும்போது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு ஓர் ஆணை செல்கிறது. அச்சுரப்பி, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிறது. அதினின்று கார்டிசால் என்னும் பொருள் இரத்தத்தில் கலந்து, உடலை இடரை எதிர்கொள்ள ஆயத்தமாக்குகிறது.

குழந்தை பால் அருந்துங்கால், அந்த உணர்ச்சி நரம்புகள் வழியே மூளையை எட்டுகிறது. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டினும், அதனை வெளியே இறங்கச் செய்யும் ஆக்சிடோசினும் உண்டாகின்றன. அத்துடன், மேற்கூறிய கார்டிசால் கிளர்ச்சியும் தணிகிறது.

1995-இல் அமெரிக்காவில் பாலூட்டும் தாய்மார் 10 பேரையும் பாலூட்டாத பெண்கள் 10 பேரையும் ஓடுபொறியில் கடுமையாக உழைக்கச் செய்து இரத்தத்தைச் சோதித்தனர். பாலூட்டுவோரிடம் கார்டிசால் குறைவாகவே உயர்ந்தது. 2001-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பாலூட்டும் தாய்மாரைப் பிறர் முன்னிலையில் பேசவும் கணக்கிடவும் செய்தனர். சற்று முன்னர்க் குழந்தைக்குப் பாலூட்டியவர்களிடம் கார்டிசால் உயர்வு குறைந்திருந்தது. குழந்தையை ஏந்தி மட்டும் இருந்தோரிடம் அவ்வளவு குறையவில்லை. ஆகவே, இப்பாதுகாப்பு அவ்வப்போது பாலூட்டுவதைப் பொறுத்தது என்பது தெளிவு.

இதனால், தாய் எத்துன்பத்தையும் தாங்குவாள் என்று எண்ணிவிடலாகாது. அச்சமும் வலியும் மிகுந்தால் ஆக்சிடோசின் குன்றிப் பால் இறங்கத் தாமதமாகும். குழந்தை வீறிட்டு அழும். தாய் மேலும் கலங்குவாள். வெயிலில் உழைத்தோ கோபித்தோ வந்த தாயின் பால் கெட்டுவிடும் எனச் சிலர் தடுப்பதுண்டு. பால் கெடுவதில்லை. அவளை நிழலில் அமரச் செய்து, பருக நீர் தந்து, குழந்தையைக் கையில் கொடுத்தால் போதும்; பால் தானே இறங்கும். பால் இறங்கவில்லையென்று அவசரப்பட்டுப் புட்டிப்பாலுக்கு மாற்றுவதே தீங்காகும். குழந்தை அருந்துவது குறையக் குறையப் பால் சுரப்பதும் குறையும்.

நாம் சுற்றுப்பயணம் செல்லும் ஊர்களில், கைக்குழந்தையை வீட்டில் விட்டுப் பகல் முழுதும் வேலைத்தலத்தில் இருக்கும் தாய்மாரைக் காண்கிறோம். அங்கு ஒரு நிழற்பந்தல், மறைவுக்கு ஒரு தட்டி, ஒரு பானைத் தண்ணீர், குழந்தைகளைக் கவனிக்க ஒரு மூதாட்டி ஆகிய ஏற்பாடுகளை ஊராட்சி செய்யலாம். பாலூட்டச் செல்லும் தாயை மேற்பார்வையாளர் கடிந்துகொள்ளாதிருத்தலும் வேண்டும். இதற்குச் செலவு சிறிது. பயனோ தாய்க்கும் சேய்க்கும் ஒருங்கே உண்டு. பசுவிடம் காட்டும் பரிவை, பாலூட்டும் தாயிடமும் காட்டுவோமாக.