சைவ வீட்டில் ஒரு பூனை

பூனைக்கென்று ஒரு கிண்ணம் ஒதுக்கியிருக்கும் வீட்டில் எட்டிப் பாருங்கள். அதில் பால் இருக்கும், இல்லாவிட்டால் பால் விட்டுப் பிசைந்த சோறு இருக்கும். சைவ வீடாக இருந்தால் தயிர்சாதம். அசைவ வீடாக இருந்தால் மீன் தலையும் முள்ளும், குழம்பு ஊற்றிய மிச்சச் சோறும். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் போட்டு வந்திருக்கிறோம். பூனைகளும் வாழ்ந்துதான் வந்திருக்கின்றன. பிறகு இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்தப் பூனைகள் நாம் போட்ட சோற்றில் வாழவில்லை என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

நெல் மூட்டையும் வைக்கோல் போரும் ஓட்டுக் கூரையும் இருந்த வீட்டில் பூனைக்கு ராத்திரி முழுக்க வேலை இருந்தது. சுண்டெலி, எலிக்குஞ்சு, பல்லி, அரணை, வெட்டுக்கிளி என்று சிறுசிறு வேட்டையாகப் பிடித்துத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டது. காலையில் நாம் வைத்த பால்சோறு அதற்கு நொறுக்குத்தீனிதான். இன்று அதே பூனை நான்காவது மாடியில், வலையடித்த ஜன்னலுக்குள் இருக்கிறது. வண்டியில் அடிபடக் கூடாது, தெருநாயிடம் மாட்டக் கூடாது என்று அக்கறையோடு உள்ளேயே வைத்து வளர்க்கிறோம். அது சரியான முடிவும்கூட. ஆனால் எலி நின்றுபோன இடத்தில் தட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தத் தட்டில் இன்னமும் தயிர்சாதமே இருந்தால், அதன் உடம்புக்கு வேண்டியது எங்கிருந்தும் வரப்போவதில்லை.

வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் திரியும் காட்டுப்பூனை. வறண்ட நிலத்து விலங்கு. மனிதர் தானியம் விதைத்துச் சேமிக்கத் தொடங்கியதும் எலி வந்தது, எலியைத் தேடி இது வந்தது. சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை ஒன்றைத் தோண்டியபோது, மனித எலும்புக்கூட்டின் அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. 2004இல் இச்செய்தி வெளிவந்தது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனையே கிடையாது. யாரோ அதைப் படகில் கூடவே கொண்டுபோயிருக்கிறார்கள். அவ்வளவு பழைய உறவு. இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் நாய் நம்மோடு சேர்ந்து சோறு தின்னப் பழகிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயிடம் இருப்பதைவிட நாயிடம் பல மடங்கு பெருகியிருப்பதை 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூனை அப்படி மாறவில்லை. நம் வீட்டுக்கு வந்தபோதும் எலிதான் தின்றது, மாற வேண்டிய தேவை அதற்கு இல்லை.

பூனை கொட்டாவி விடும்போது வாய்க்குள் பார்த்தால் இது தெரியும். மொத்தம் 30 பல். நம் கடைவாய்ப் பல்லில் இருப்பதுபோல் அரைக்கும் தட்டையான பரப்பு எதிலும் இல்லை. பின்பற்கள் மேலும் கீழும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இறங்கித் தசையைத் துண்டாக்கும். தாடை மேலும் கீழும் மட்டுமே அசையும். மாடு அசைபோடுவதுபோலப் பக்கவாட்டில் நகர்த்த அதனால் முடியாது. ஆகவே பூனை மெல்லுவதில்லை, வெட்டி விழுங்குகிறது. நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள். எலும்பில் ஒட்டிய கறியைச் சுரண்டுவதும் அவைதான், ரோமத்தைச் சீவுவதும் அவைதான். அந்த முட்களின் நுனி உள்ளே குடைந்த கரண்டிபோல இருப்பதையும், அது எச்சிலை அள்ளி ரோமத்தின் அடிவரை கொண்டுசேர்ப்பதையும் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் 2018இல் கண்டறிந்தார்கள்.

நாக்கில் இல்லாத ஒன்றும் உண்டு. இனிப்பை உணரும் ஏற்பிக்கு இரண்டு மரபணுக்கள் வேண்டும். பூனைகளில் அவற்றில் ஒன்று என்றோ பழுதாகிவிட்டதை அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தார் 2005இல் வெளியிட்டார்கள். பால்கோவாவைப் பூனை ஆசையாக நக்கினால் அது தேடுவது கொழுப்பை. சர்க்கரை அதற்குத் தெரியவே தெரியாது.

உடம்புக்குள் நடப்பது இன்னும் முக்கியம். டாரின் என்று ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. கண்ணின் விழித்திரைக்கும் இதயத் தசைக்கும் அது இல்லாமல் முடியாது. மனித உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும், நாயும் பெரும்பாலும் செய்துகொள்ளும். பூனையால் மிகக் கொஞ்சம்தான் செய்ய முடியும். போதாக்குறைக்கு, அதன் கல்லீரல் பித்தநீர் தயாரிக்க டாரினை மட்டுமே பயன்படுத்துவதால், ஒவ்வொரு வேளைச் செரிமானத்திலும் அது கொஞ்சம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. எலியின் உடம்பில் டாரின் தாராளமாக இருந்தவரை இது ஒரு குறையாகவே தெரியவில்லை. நாம் சமைக்கும் அரிசியிலும் பருப்பிலும் காய்கறியிலும் அது ஏறக்குறைய இல்லை. பசும்பாலில் இருப்பதும் மிகச் சொற்பம்.

1975இல் கே. சி. ஹேய்ஸும் அவருடைய குழுவினரும் பூனைகளுக்குக் கேசீன் என்ற பால்புரதத்தையே புரதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விழித்திரை மெல்லச் சிதைந்தது, பார்வை போயிற்று. டாரின் பற்றாக்குறைதான் காரணம் என்று தெரிந்தது. பாலில் புரதம் இருக்கிறதே என்று நினைக்கும் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு இது. அடுத்த அதிர்ச்சி 1987இல் வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவர், இதயம் பெருத்துத் தளர்ந்துபோன பூனைகளின் ரத்தத்தில் டாரின் மிகக் குறைந்திருப்பதைக் கண்டார். அவை தின்றுவந்தது கடையில் விற்ற பூனைத் தீவனம். டாரினைக் கூடுதலாகக் கொடுத்ததும் சாகக் கிடந்த பூனைகளின் இதயம் மீண்டும் ஒழுங்காகத் துடித்தது. அதன் பிறகு தீவன நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின.

டாரின் மட்டும் அல்ல. முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் இருக்கும் கரோட்டினை நாம் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறோம், பூனையால் முடியாது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஒரு வேளை உணவில் அறவே இல்லாமல் போனாலே ரத்தத்தில் அம்மோனியா ஏறிச் சில மணி நேரத்தில் பூனை தள்ளாடத் தொடங்கும் என்பது 1978இலேயே பரிசோதித்து அறியப்பட்டது. வேகவைத்த சோற்றை அது ஓரளவு செரிக்கும், உண்மைதான். அதனால்தான் தயிர்சாதம் தின்னும் பூனை உடனே விழுந்துவிடுவதில்லை. பார்வை மங்குவதும் இதயம் தளர்வதும் மாதக்கணக்கில், ஓசையில்லாமல் நடக்கின்றன. வெளியே தெரியும்போது கண் பெரும்பாலும் மீட்க முடியாத நிலைக்குப் போயிருக்கும்.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டியாக இருக்கும்போது பால்சர்க்கரையைச் செரிக்கும் நொதி சுரக்கும். பால்குடி மறந்ததும் அது குறைந்துவிடும். வளர்ந்த பூனை பலவற்றுக்குப் பால் குடித்தால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். பூனை பாலை விரும்புவது நிஜம், அது ஒத்துக்கொள்ளாததும் நிஜம்.

சாம்பார், ரசம், கறிக்குழம்பு எதையும் சோற்றில் ஊற்றிப் போடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்த நச்சு போகாது.

இதைவிடக் கொடியது பாராசிட்டமால். காய்ச்சலடிக்கிறது பாவம் என்று யாரோ அரை மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துப் பூனையை இழப்பது நடந்துகொண்டே இருக்கிறது. நம் கல்லீரலில் இந்த மருந்தை முறித்து வெளியேற்றும் ஒரு நொதி உண்டு. அதற்கான மரபணு பூனையிடம் வேலை செய்யாது. செடிகொடி தின்னும் விலங்குகளுக்குத் தாவர நச்சுகளைத் தினமும் முறிக்க வேண்டியிருக்கிறது. கறி மட்டுமே தின்ற குடும்பத்துக்கு அந்த வேலை இல்லாமல் போனதால் மரபணுவும் பழுதாகிக் கிடக்கிறது. பூனைக் குடும்பத்தின் பல இனங்களைச் சோதித்த 2011ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அத்தனையிலும் இதே பழுது இருப்பதைக் காட்டியது. மாத்திரை உள்ளே போன சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும். அதே காரணத்தால்தான் பினாயில் போட்டுத் துடைத்த தரையும் ஆபத்து. ஈரத்தில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் நேரே வயிற்றுக்குப் போகும். தரை நன்றாகக் காயும் வரை அந்த அறையின் கதவைச் சாத்தி வையுங்கள், முடிந்தால் பினாயிலையே விட்டுவிடுங்கள்.

வறண்ட நிலத்தில் பிறந்ததன் விளைவு ஒன்றும் உண்டு: பூனைக்குத் தாகம் எளிதில் எடுக்காது. எலியின் உடம்பில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர்தான், வேட்டையிலேயே தாகமும் தீர்ந்துவிடும். அது தண்ணீர் குடிப்பதே தனி அழகு. நாக்கின் நுனியைப் பின்பக்கமாக வளைத்து, தண்ணீரின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் தடவி, சட்டென்று மேலே இழுக்கும். அந்த வேகத்தில் மெல்லிய தண்ணீர்க் கம்பம் ஒன்று எழும்பும். அது அறுந்து விழுவதற்குள் வாயை மூடி ஒரு துளியைப் பிடித்துக்கொள்ளும். வினாடிக்கு மூன்று நான்கு முறை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பதிந்து 2010இல் வெளியிட்ட விவரம் இது. ஒரு துளி ஒரு துளியாகக் குடிக்கும் இந்த விலங்குக்கு, பத்தில் ஒரு பங்கு ஈரம்கூட இல்லாத உலர்தீவனத்தை மட்டும் போட்டால் மூத்திரம் மிகவும் கெட்டிப்படும். ஆண் பூனைக்கு மூத்திரக்குழாய் குறுகலானது, அடைத்துக்கொள்ளும். மண்தட்டில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்கியும் ஒன்றும் வராவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் உயிரே போய்விடலாம்.

சைவம் என்பது பலருக்கு வாழ்க்கையின் ஆழமான முடிவு. உயிர்க்கொலை வேண்டாம் என்ற இரக்கத்தில் எடுத்தது. பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதே இரக்கம்தான். இரண்டும் மோதும் இடத்தில் என் கருத்து உறுதியானது: சைவம் நான் எனக்காக எடுத்த முடிவு, பூனையின் உடம்பின்மேல் அதைச் சுமத்த எனக்கு உரிமை இல்லை. செயற்கை டாரின் சேர்த்த தாவரத் தீவனங்கள் சில நாடுகளில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அவற்றை ஆதரிப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலோர் இன்னும் அதற்குச் சம்மதிப்பதில்லை. அடுப்படியில் கறி ஏறக் கூடாது என்றால் பாக்கெட்டில் வரும் ஈரத்தீவனத்தைப் பால்கனியில் ஒரு மூலையில் வைத்துக் கொடுக்கலாம். அதற்கும் மனம் ஒப்பாதவர்கள் முயல் வளர்க்கலாம். மிகவும் கவனமாகச் சமைத்துப் போட்டால் நாய்கூடச் சைவத்தில் தாக்குப்பிடிக்கும். கிளி வளர்க்கலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கறி சமைக்கும் வீட்டுக்கும் சில விஷயங்கள் இருக்கின்றன. மத்தியோ காரப்பொடியோ, மீனைப் பச்சையாகப் போட வேண்டாம். சில மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் அது போய்விடும். உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் இல்லாமல் வேகவைத்து முள்ளை எடுத்துவிடுங்கள். டாரின் தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும் என்பதால் வேகவைத்த தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுங்கள். அப்படிச் செய்தால் தண்ணீர் உள்ளே போகும் கவலையும் குறையும். கோழியில் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியிலும் இதயத்திலும் டாரின் அதிகம். ஈரல் மலிவாகக் கிடைக்கிறதே என்று தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், எப்போதாவது ஒரு துண்டு போதும். வெறும் மீனோ வெறும் கோழியோ மட்டும் முழு உணவு ஆகாது, சுண்ணாம்புச் சத்து அதில் கிடைக்காது. எலியைத் தின்றபோது எலும்போடு சேர்த்துத் தின்றது. அதனால் வீட்டுச் சமையலோடு, முழுமையான சரிவிகித உணவு என்று உறையில் அச்சிட்ட பூனைத் தீவனமும் தினமும் இருக்கட்டும். நாய்த் தீவனம் உதவாது.

தயிர்சாதத்திலேயே வளர்ந்த பூனையை ஒரே நாளில் மாற்றப் பார்க்காதீர்கள். பழைய சோற்றில் ஒரு ஸ்பூன் புதிய உணவைக் கலந்து, ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போடும் வழி நாய்க்குச் சரிப்படலாம், பூனையிடம் எடுபடாது. குறிப்பாகக் கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் எதுவும் தின்னாவிட்டால் உடம்பின் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து, கண்ணும் காதின் உட்புறமும் மஞ்சளாகிவிடலாம். ஒரு முழுநாள் தட்டைத் தொடவில்லை என்றால் அதற்குப் பிடித்த பழைய உணவையே திரும்ப வையுங்கள். அதையும் முகர்ந்துவிட்டு நகர்ந்தால் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.