மேம்பாலத்தின் கீழே காத்திருப்பவர்கள்

செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் நோக்கிச் செல்லும் ராஜீவ் ரஹதாரி, லோத்குண்டாவைக் கடந்து அல்வால் வழியே வடக்கே நீள்கிறது. இடையிடையே பாதுகாப்புத் துறை நிலங்கள் அமைந்திருப்பதால் இச்சாலையை அகலப்படுத்துவது நெடுங்காலம் இயலாதிருந்தது. 2024 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் நிலம் வழங்க இசைந்தது. அம்மாதமே மேம்பாலச் சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

மேம்பாலத்தால் வாகனங்கள் விரைந்து செல்லும். ஆனால் வாகனம் இல்லாதவருக்கு அதனால் என்ன பயன் என்பதையும் நாம் கேட்க வேண்டும். தெலங்கானாவில் 2023 டிசம்பர் 9 முதல் மகாலட்சுமித் திட்டத்தின்கீழ்ப் பெண்கள் சாதாரண, எக்ஸ்பிரஸ் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் செல்லும் பெண்ணுக்கு அன்றாடம் மிஞ்சும் பேருந்துக் கட்டணமே மாத இறுதியில் சேமிப்பாகிறது. எனினும் கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது. ஏறுவதற்குப் பேருந்து வர வேண்டும்.

மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் ஐதராபாத்துக்கு 2,000 மின்பேருந்துகள் ஒதுக்கப்பட்டுள்ளன. இவற்றைப் போக்குவரத்துக் கழகம் விலைக்கு வாங்குவதில்லை. தனியார் நிறுவனம் வாங்கி இயக்கும். ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கழகம் பணம் தரும். அப்பணம் தாமதமானால் நிறுவனத்தின் கடன் தவணை தவறும். அந்த அச்சத்தாலேயே கடன் கிடைப்பதும் அரிதாகும். இதற்காகவே 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 3,435 கோடி ரூபாயில் கட்டண உத்தரவாத ஏற்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது.

மின்பேருந்து புகை கக்குவதில்லை; ஆனால் அதற்கான மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. எனவே போக்குவரத்தையும் எரிசக்தியையும் ஒருசேரத் திட்டமிடுதல் அவசியம். பி.எம். சூரிய கர் திட்டம் 3 கிலோவாட் கூரைச் சூரியமின் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. சொந்தக் கூரை உள்ளவருக்கு இது நல்வாய்ப்பு. வாடகைக்கு இருப்பவருக்கோ கூரையே இல்லை. பேருந்துப் பணிமனைகள், அரசுப் பள்ளிகள் போன்ற பொதுக் கட்டடங்களின் கூரைகளில் சூரியத் தகடுகள் அமைத்தால், பயன் அவர்களையும் சென்றடையும்.

சொந்த வீடுள்ள வாடிக்கையாளர்கள் கடந்த ஓராண்டு மின்கட்டணச் சீட்டுகளை எடுத்துப் பயன்பாட்டைக் கணக்கிடுக. மாதக் கட்டணத்தில் குறையும் தொகையையும் கடன் தவணையையும் ஒப்பிட்ட பின்னரே சூரியமின் கடனுக்கு விண்ணப்பித்தல் நன்று. நகரத் திட்டங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்: செலவு எவ்வளவு என்பதோடு, அதன் பயன் யாரைச் சேர்கிறது என்றும் கணக்குப் பார்க்க வேண்டும்.